ஆரியசாலையின் வத்தல் நெடி

திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவுக்குக் கிழக்குக்கோட்டை வழியாக வருகிறவர்களுக்குப் பூக்கடையும் துணிக்கடையும் பாத்திரக்கடையும் முதலில் கண்ணில் படும். கிள்ளிப்பாலம் வழியாக ஆரியசாலைக்கு வருகிறவர்களுக்கு முதலில் மூக்கில்தான் ஏறும். வத்தல் மிளகாயின் நெடி. என் தாத்தா விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்து இந்த முனையில் வத்தல் கடை போட்டார். அப்பா அதை நடத்தினார். நான் கடைப் பக்கம் போகாமல் மருந்தியல் படித்தேன். அதையே மருத்துவ மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றேன். ஆனாலும் அந்தப் பாடத்தில் எனக்கு மிகப் பிரியமான பகுதி எங்கள் கிடங்கில்தான் தொடங்கியது. சாலையின் வரலாற்றைச் சொல்கிறவர்கள் திவான்களையும் முதலாளிமாரையும் சொல்கிறார்கள். வத்தலை நாள் முழுக்கக் கையில் வைத்திருந்தவர்களின் நரம்புக்குள் நடந்ததும் இந்தத் தெருவின் வரலாறுதான். அதையும் சேர்த்து எழுத வேண்டும்.

சாலையை உண்டாக்கியவர் ராஜா கேசவதாஸ். தர்மராஜா என்று ஊர் சொல்லும் திருவிதாங்கூர் மன்னர் கார்த்திகைத் திருநாள் ராமவர்மாவின் காலத்தில், 1789-ல் திவானானார், 1799-ல் இறந்தார். இளமையில் போக்கு மூசா மரைக்காயர் என்ற வணிகரிடம் வேலை பார்த்தவர். சரக்கு எந்த வழியாக வரும், எங்கே இறங்கும், யார் கையில் மாறும் என்பதையெல்லாம் பக்கத்திலிருந்து பார்த்துப் பழகியவர். அவர் பெயரோடு இரண்டு பெரிய வேலைகள் சேர்ந்து நிற்கின்றன. ஒன்று ஆலப்புழைத் துறைமுகம், மற்றது சாலை. நாட்டின் நல்லமிளகு வெளியே போக ஆலப்புழை. தலைநகரம் சாப்பிட வேண்டியது உள்ளே வரச் சாலை. கிள்ளியாற்றைத் தாண்டி வரும் தெற்குப் பாதை கோட்டை வாசலைத் தொடும் அந்த நீளம் முழுவதும் கடைத்தெருவாயிற்று. பாண்டி நாட்டு வியாபாரிகள் வந்து குடியேறினார்கள். செட்டியார், பிள்ளைமார், நாடார், ராவுத்தர் என்று ஒவ்வொரு கூட்டமும் ஒவ்வொரு சரக்கைப் பிடித்துக்கொண்டது. சபாபதி கோயில் தெரு, கொத்துவால் தெரு என்ற பெயர்களைக் கேட்டாலே இது யார் யார் கூடி வாழ்ந்த இடம் என்று விளங்கிவிடும். சாலையில் கடை வைத்திருந்துகொண்டே ஆ. மாதவன் தமிழில் எழுதிய கடைத்தெருக் கதைகளைப் படித்தவர்களுக்கு நான் இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

வத்தல் ஏன் பாண்டியிலிருந்து வந்தது? மழைதான் காரணம். மிளகாய் நன்றாகக் காய வேண்டும். ஆறு மாதம் மழை அடிக்கும் மலையாளக் கரையில் களத்தில் பரப்பிய பழம் பூசணம் பிடித்துவிடும். கோவில்பட்டி, சாத்தூர், விருதுநகர், ராமநாதபுரம் வட்டாரத்துக் கரிசலிலும் செவலிலும் விளைந்து, அங்கே அடிக்கும் வெயிலில் கலகலவென்று காய்ந்த சரக்குதான் வருஷம் முழுக்கத் தாங்கும். அது ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மாட்டு வண்டியில் நாகர்கோவில் வந்து, குழித்துறை, நெய்யாற்றின்கரை, கரமனை என்று இறங்கும். 1865-ல் பிரிட்டிஷ் இந்தியாவும் திருவிதாங்கூரும் கொச்சியும் வணிக ஒப்பந்தம் போடும் வரைக்கும் கணவாயில் சுங்கத் தொல்லை அதிகம். 1931-ல் தம்பானூர் வரை ரயில் வந்தது. ஆனால் அது செங்கோட்டை, கொல்லம் என்று சுற்றிக்கொண்டு வந்த பாதை. நாகர்கோவிலிலிருந்து நேர் ரயில் 1979-ல்தான் வந்தது. அதனால் எங்கள் வத்தலுக்கு வண்டிப் பாதைதான் வழி. பிறகு அதே பாதையில் லாரி.

அதே பாதையில் நவராத்திரிக்குத் தெய்வங்களும் வருகின்றன. பத்மநாபபுரத்துச் சரஸ்வதி யானை மேல், சுசீந்திரத்து முன்னுதித்த நங்கை பல்லக்கில், வேளிமலைக் குமாரசுவாமி வெள்ளிக் குதிரையில். சரஸ்வதி கோட்டைக்குள் நவராத்திரி மண்டபத்துக்குப் போவாள், நங்கைக்குச் செந்திட்டை, முருகனுக்கு ஆரியசாலைக் கோயில். 1956 நவம்பர் 1-ல் நாஞ்சில் நாடு தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் இந்த வரவு நிற்கவில்லை. அந்த நாட்களில் வத்தல் மூட்டையைத் தெருவில் இறக்கக் கூடாது என்பது தாத்தா வைத்திருந்த சட்டம். சுவாமி வரும்போது யாரும் தும்மக் கூடாது என்பார்.

இத்தனைக்கும் மிளகாய் இந்த ஊருக்குப் புதுசு. அமெரிக்கக் கண்டத்துச் செடி அது. போர்த்துக்கீசியர் கப்பலில் 16-ஆம் நூற்றாண்டில்தான் நம் கரைக்கு வந்தது. திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மா அரசின் ஏகபோகமாக்கியது மிளகாயை அல்ல, நல்லமிளகை. டச்சுக்காரர்களோடு 1741-ல் குளச்சலில் சண்டை நடந்ததற்குப் பின்னால் இருந்ததும் அதுதான். பக்கத்தில் வலியசாலை அக்கிரகாரத்து வீடுகளில் சிரார்த்தச் சமையலுக்கு வத்தல் வாங்க ஆள் வரமாட்டார்கள். அன்றைக்கு நல்லமிளகு மட்டும்தான். பித்ருக்களின் நாக்குக்குத் தெரியாத காரத்தை அவர்களுக்கு வைக்கக் கூடாது என்று எங்கள் கடைக்கு எதிர்க்கடைப் பிள்ளை விளக்கம் சொல்வார்.

கிடங்குக்குள் நடந்ததைச் சொல்கிறேன். மூட்டை பிரித்ததும் சரக்கைத் தரையில் கொட்டுவார்கள். சம்பா நீளமாக இருக்கும். குண்டு வத்தல் உருண்டையாக, குலுக்கினால் விதை சத்தம் போடும். ராமநாதபுரத்துக் குண்டு வத்தலுக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது தாத்தா இல்லாமல் போனாரே என்று தோன்றியது. வெளிறிய சோடை ஒரு பக்கம், கருப்பு விழுந்தது ஒரு பக்கம், நல்ல சிவப்பு ஒரு பக்கம் என்று தரம் பிரிப்பார்கள். பிறகு காம்பு கிள்ளுவது. ஓட்டல்காரர்களும் மில்லுக்காரர்களும் காம்பில்லாத வத்தலுக்குத்தான் விலை கொடுப்பார்கள். பத்துப் பன்னிரண்டு பெண்கள் சாக்கு விரித்து உட்கார்ந்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே காம்பைப் பிடித்து ஒரு திருகு திருகுவார்கள். காரம் விதையில் இருப்பதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. காம்புக்கு நேர் கீழே, விதைகள் ஒட்டியிருக்கும் வெளிறிய சதையில்தான் காப்சைசின் ஊறுகிறது. காம்பு பிடுங்கப்படும் ஒவ்வொரு முறையும் அந்த இடம்தான் உடைந்து விரலில் படுகிறது.

புதிதாக வேலைக்கு வந்த பெண்கள் முதல் வாரம் படும் பாடு பார்க்க முடியாது. ராத்திரி கை நெருப்பாக எரியும். தண்ணீரில் எத்தனை கழுவினாலும் போகாது, காப்சைசின் தண்ணீரில் கரையாது, கொழுப்பில்தான் கரையும். பழைய ஆட்கள் தேங்காயெண்ணெய் தேய்த்துத் துணியால் துடைக்கச் சொல்வார்கள். அது சரியான மருத்துவம். ஒரு மாதம் போனால் அவளே மற்றவர்களோடு பேசிச் சிரித்துக்கொண்டு கிள்ளிக்கொண்டிருப்பாள். எங்கள் கிடங்கில் நாஞ்சில் நாட்டிலிருந்து வந்த ஒரு பெரியம்மை இருந்தார். சிறுமியாக இருந்தபோது அவரிடம், "எரியலையா பெரியம்மை?" என்று கேட்டிருக்கிறேன்.

"ஒண்ணுமில்ல மக்களே, கையி எப்பவோ செத்துப் போச்சு" என்றார். சொல்லிவிட்டு அந்த விரலாலேயே என் கண்ணீரைத் துடைக்க வந்தார், நான் ஓடிவிட்டேன்.

கை செத்துப்போவது என்றால் என்ன? அவர் கையில் ஊசி குத்தினால் தெரியும். வெற்றிலையின் நரம்பு தட்டுப்படும். எடுத்த வத்தல் நமத்துப்போயிருக்கிறதா என்று தொட்டே சொல்வார். தொடு உணர்வு அத்தனையும் இருந்தது. எரிச்சல் மட்டும்தான் இல்லை. அப்படியானால் மொத்தக் கை சாகவில்லை, ஒரே ஒரு வகை நரம்பு மட்டும் ஓய்ந்திருக்கிறது. இதை உலகம் ஹங்கேரி நாட்டுச் செகெட் என்ற ஊரிலிருந்துதான் கற்றுக்கொண்டது. செகெட்டும் மிளகாய் ஊர்தான். அவர்கள் பாப்ரிகா என்பார்கள். அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் சென்ட்-ஜியார்ஜி பாப்ரிகாவிலிருந்து வைட்டமின் சி-யைக் குவியலாகப் பிரித்தெடுத்தார். 1937-ல் நோபல் பரிசும் பெற்றார். அதே ஊரில் மிக்லோஷ் யான்ச்சோ 1940-களில் விலங்குகளுக்குக் காப்சைசினைத் திரும்பத் திரும்பக் கொடுத்துப் பார்த்தார். முதலில் துடித்த விலங்குகள் பிறகு ரசாயன எரிச்சலுக்கு அசையவே இல்லை. தொடுவதை உணர்ந்தன. அவருடைய மனைவி ஔரேலியாவும் மாணவர் சோல்சானியும் அந்த வேலையைத் தொடர்ந்தார்கள். எரிச்சலை உணரும் நரம்பு முனையே தோலைச் சிவக்கவும் வீங்கவும் வைக்கிறது என்று அவர்கள் காட்டிய கட்டுரை, யான்ச்சோ இறந்த மறு வருஷம், 1967-ல் வெளிவந்தது.

அந்த நரம்பு முனை எதைக் கொட்டுகிறது? அதன் கதை இன்னும் பழையது. 1931-ல் லண்டனில் உல்ஃப் வான் ஆய்லரும் ஜான் கேடமும் குதிரையின் மூளையையும் குடலையும் வடித்து ஒரு பொடி எடுத்தார்கள். அது முயலின் குடலைச் சுருக்கியது, ரத்த அழுத்தத்தை இறக்கியது. அதற்குச் சப்ஸ்டன்ஸ் பி என்று பெயர் விழுந்தது. நாற்பது வருஷம் அது என்ன பொருள் என்று யாருக்கும் பிடிபடவில்லை. சூசன் லீமன் வேறு எதையோ தேடி மாட்டு மூளையை வடித்துக்கொண்டிருந்தபோது, அந்த வடிநீர் ஊசியில் ஏறிய எலிகளுக்கு எச்சில் ஒழுகியது. அந்த எச்சிலைப் பின்தொடர்ந்து போய் அவரும் மைக்கேல் சாங்கும் அது பழைய சப்ஸ்டன்ஸ் பி-தான் என்று கண்டு, 1971-ல் அமைப்பையும் சொன்னார்கள்: பதினொரு அமினோ அமிலம் கோத்த ஒரு குட்டிப் பெப்டைடு. 1978-ல் கேம்பிரிட்ஜில் ஜெசலும் ஐவர்சனும் குவெல்லோவும், காப்சைசின் பட்ட உணர்வு நரம்புகளில் இந்தப் பெப்டைடு காலியாகிறது என்று காட்டினார்கள். பெரியம்மையின் விரலுக்கு அன்றைக்குக் கிடைத்த விளக்கம் அதுதான்: கிடங்கில் சரக்கு தீர்ந்துவிட்டது.

அந்த விளக்கம் முழுசாக நிற்கவில்லை. 1997-ல் டேவிட் ஜூலியஸ் குழு காப்சைசின் போய் ஒட்டும் வாசலையே கண்டுபிடித்தது. 43 டிகிரி வெப்பத்துக்குத் திறக்கும் அதே வாசல்தான் மிளகாய்க்கும் திறக்கிறது; அதனால்தான் காரத்தை நாம் சூடாக உணர்கிறோம். 2021-ல் அவருக்கு நோபல் கிடைத்தது. வாசல் ஓயாமல் திறந்தே கிடந்தால் கால்சியம் உள்ளே கொட்டி, நரம்பு முனை வேலை செய்யாமல் போகும், சுருங்கிப் பின்வாங்கவும் செய்யும். பெப்டைடு தீர்வது அதில் ஒரு பகுதி. அதுவே எல்லாம் அல்ல.

இனி எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். எரிகிறது என்ற செய்தி விரலிலிருந்து தண்டுவடத்துக்குப் போய், அங்கே சப்ஸ்டன்ஸ் பி கொட்டப்படுகிறது. சரி, கொட்டியதை அள்ளுவது யார்? செரோட்டோனின், டோபமின் போன்றவற்றைக் கொட்டிய நரம்பே திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். மன அழுத்த மாத்திரைகள் பல அந்த உறிஞ்சலைத்தான் தடுக்கின்றன. முழுப் பெப்டைடுக்கு அந்த வசதி இல்லை. முதுகெலும்பை ஒட்டிய நரம்பணுவின் உடலில் அதைப் புதிதாகச் செய்து, நீண்ட இழை வழியே முனைக்கு அனுப்ப வேண்டும். மிக வேகமான போக்குவரத்தே ஒரு நாளைக்கு 40 சென்டிமீட்டர் அளவுதான். ஆரியசாலைக் கடை பாண்டி லாரிக்குக் காத்திருப்பது மாதிரி விரல் நுனி காத்திருக்க வேண்டும்.

அப்படியானால் கொட்டியது எங்கே போகிறது? ஒரு வழி, உயிரணுக்களின் மேற்பரப்பில் நிற்கும் நெப்ரிலைசின் என்ற நொதி அதை வெளியிலேயே துண்டாக்குகிறது. நம் உடம்பே செய்யும் வலிநிவாரணிப் பெப்டைடுகளான என்கெஃபலின்களையும் இதுதான் வெட்டுகிறது. குழந்தைகளின் வயிற்றுப்போக்குக்கு மருந்துக்கடையில் தரும் ரேஸ்கடோட்ரில் பொட்டலம் இந்த நொதியைத்தான் தடுக்கிறது. ஆக அப்பாவின் கடையிலிருந்து சில கட்டடம் தள்ளியிருந்த மருந்துக்கடையிலும் இதே நொதியின் கதைதான் நடந்துகொண்டிருந்தது.

இரண்டாவது வழியை 1995-ல் பேட்ரிக் மான்டி குழு காட்டியது. எலியின் ஒரு பாதத்தில் காப்சைசின் ஊசி போட்டார்கள். ஐந்து நிமிஷத்துக்குள், அந்தப் பக்கத்துத் தண்டுவட அணுக்களின் மேல் நின்ற சப்ஸ்டன்ஸ் பி ஏற்பிகள் பெப்டைடைப் பிடித்தபடியே அணுவுக்குள் போயிருந்தன. மென்மையாக ஓடிய நரம்புக் கிளைகள் மணி கோத்தது போல் முடிச்சு முடிச்சாகப் புடைத்திருந்தன. ஒரு மணி நேரத்தில் எல்லாம் பழையபடி. உள்ளே போன பிறகு என்ன ஆகிறது என்பதை 2007-ல் பன்னெட் குழு சொன்னது: அணுவுக்குள் அமிலம் ஏறிய ஒரு சிறு பையில் வேறொரு நொதி பெப்டைடை நறுக்குகிறது, கை காலியான ஏற்பி மறுபடி மேலே வந்து நிற்கிறது. நறுக்கு நடக்காவிட்டால் ஏற்பி திரும்பி வராது, அடுத்த செய்தியை வாங்க ஆள் இல்லை. இந்தப் படத்தைக் கரும்பலகையில் போடும்போதெல்லாம் எனக்கு உற்சாகம் வந்துவிடும். வலியைத் துப்புரவு செய்வதும் வலியை உணர்வதன் ஒரு பாதி என்று மாணவர்களிடம் சொல்வேன்.

மூன்றாவது ஒன்று உண்டு. பாடப்புத்தகத்தில் அது அதிகம் வராது. ஹிரோஷிமாவில் நகாட்டா, செகாவா குழுவினர் சப்ஸ்டன்ஸ் பி-யை மூளைத் துண்டுகள் உறிஞ்சுகின்றனவா என்று 1970-களிலிருந்தே பார்த்தார்கள். முழுப் பெப்டைடை உறிஞ்சவில்லை. ஆனால் அதன் வால், ஐந்தாவது முதல் பதினொன்றாவது வரையிலான ஏழு கண்ணி, எலி மூளைக்குள்ளும் முயல் தண்டுவடத்துக்குள்ளும் முனைப்போடு இழுக்கப்பட்டது என்று 1981-ல் எழுதினார்கள். ஏற்பியைத் தூண்டும் வீரியம் அந்த வாலில்தான் இருக்கிறது. முதலில் வெளியே வெட்டு, பிறகு வீரியமுள்ள துண்டை உள்ளே இழு. பெப்டைடுக்கு உறிஞ்சலே கிடையாது என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகிறவர்களிடம் எனக்கு மனத்தாங்கல் உண்டு.

பெரியம்மைக்கு இதையெல்லாம் சொல்ல வாய்ப்புக் கிடைத்தது. 1983-ல் அடிமாலியில் தொடங்கிய ஈஸ்டர்ன் மசாலாக் கம்பெனி முதலாகப் பொட்டலத் தூள் வீடுகளுக்குள் நுழைந்தது. வத்தல் வாங்கி, வெயிலில் காயவைத்து, மில்லில் திரித்து, டப்பாவில் அடைக்கும் வேலை சமையற்கட்டிலிருந்து போயிற்று. சில்லறை வியாபாரம் விழுந்தது, காம்பு கிள்ள ஆள் வேண்டாம் என்றாயிற்று. பெண்கள் ஒவ்வொருவராக நின்றார்கள். பெரியம்மையும் வீட்டோடு இருந்துவிட்டார். சில மாதம் கழித்துப் பார்க்கப் போனபோது, அம்மியில் வத்தல் அரைத்தால் கை எரிகிறது, வயசானால் தோல் மெலிஞ்சிரும் போலிருக்கு என்று புகார் சொன்னார். தோல் மெலியவில்லை, நரம்பு முளைத்துவிட்டது. காரம் விலகினால் பின்வாங்கிய முனைகள் மாதக் கணக்கில் வளர்ந்து திரும்பும். அக்கி வந்து போன பின் நிற்காத நரம்பு வலிக்கு 8 சதவீதக் காப்சைசின் பட்டையைத் தோலில் ஒட்டும் சிகிச்சைக்கு 2009-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஒரு தடவை ஒட்டினால் மூன்று மாதம்போல் பலன். பெரியம்மை கூலிக்குச் செய்ததைத்தான் அங்கே மருத்துவராக இருந்து செய்கிறார்கள் என்றேன். "அப்ப எனக்கு எவனும் பீஸு தரலியே" என்றார். அவர் கேட்டது நியாயம்.

விரல் பழகியது என்பதற்காக மார்பும் பழகிவிடும் என்று நினைக்கக் கூடாது. மிளகாய்த் தொழிலாளர்களுக்கு மற்றவர்களைவிட இருமல் அதிகம் என்று 1991-லேயே ஒரு மருத்துவ இதழில் ஆய்வு வந்திருக்கிறது. எங்கள் கிடங்கிலும் முகத்தில் தோர்த்து கட்டாமல் யாரும் உட்கார்ந்ததில்லை. அப்படியும் இருமல் இருந்தது. தோர்த்தைத் தவிர வேறு காப்பு அவர்களுக்கு எந்த முதலாளியும் கொடுக்கவில்லை. என் அப்பாவும் கொடுக்கவில்லை.

அதனால் அப்பாவுக்கு வறட்டு இருமல் பிடித்தபோது, கடைசியில் அவருக்கும் வத்தல் தூசி ஏறிவிட்டது என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்தோம். கடையை மூடச் சொல்லித் தம்பி சண்டை போட்டான். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த மாத்திரைகளை எடுத்துப் பார்த்தேன். ரத்த அழுத்தத்துக்கு எனாலாப்ரில். அது தடுக்கும் ஏ.சி.இ. நொதி ரத்தக் குழாயைச் சுருக்கும் பொருளை உண்டாக்குவதோடு நிற்பதில்லை. மூச்சுக்குழாயில் சப்ஸ்டன்ஸ் பி-யையும் பிராடிகைனினையும் வெட்டித் துப்புரவு செய்வதும் அதுதான். வெட்டு நின்றால் அவை தங்கும், நரம்பு சிணுங்கும், இருமல் வரும். கிழக்காசிய மக்களுக்கு இது கூடுதல், நம்மிடமும் குறைவில்லை. மருத்துவரிடம் சொல்லி லோசார்டனுக்கு மாற்றினோம். இருமல் சில வாரத்தில் நின்றது. அப்பா கடையை மூடவில்லை. அந்த மாசி மாதம் புதுச் சரக்கு எடுக்க விருதுநகருக்கு அவரேதான் போனார்.